சாய்கோடு போட்ட கட்டம்

தார்த்து நகரப் பள்ளியொன்றில்
தொழில் அறிமுக நாள். வெளியே பிப்ரவரி.
தீயணைப்பு வீரருக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
மார்யுவுக்கு ஒரு மேசை.
அவரிடம் தலைக்கவசம், இவரிடம் பிளாஸ்டிக் தாடை.
மார்யுவிடம் மடிக்கணினி, ஒற்றைக் கையுறை.
மற்றது பேருந்தோடு போய்விட்டது.

"மிருகம் பிடிப்பீங்களா?"
இல்லை.
"படம் வரைவீங்களா?"
ஒரு வகையில்.

எப்படிச் சொல்வது,
போன வாரம் முழுக்க
நானூற்றுப் பன்னிரண்டு தட்டான்களை
ஈரானின் வறண்ட குன்றுகளிலிருந்து
வீட்டுக்கு அழைத்து வந்ததை.
அட்சரேகையைத் தீர்க்கரேகையின் பத்தியில்
யாரோ ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.
எஸ்தோனியச் சதுப்பின் தட்டான்கள்
சொட்டு நீரில்லாத சரிவில்
பதினோரு ஆண்டுகள் பறந்துகொண்டிருந்தன.
ஒருவரும் புகார் தரவில்லை.

பிறகு ஹெல்துரின் சீட்டு.
1974, ஜூலை, பென்சில்.
'இடம்' என்ற வரியில்:
பூட்ஸ் மாட்டிக்கொண்ட இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே.
ஹெல்துர் இப்போது இல்லை. பூட்ஸும்.
பயணப்படி ரசீது, பால்வண்டி நேரம்,
மடிப்பில் கிழிந்த ராணுவ வரைபடம்
எல்லாம் துழாவி
மூன்றாம் நாள் ஒரு புள்ளி வைத்தாள்,
பக்கத்தில் பிழை எல்லை: இரண்டாயிரம் மீட்டர்.
தெரியாதது இத்தனை மீட்டர் என்று
அளந்து சொல்லத்தான் சம்பளம்.

கருநாரையின் கூடு எந்த மரத்தில் என்று
அவளுக்குத் தெரியும்.
வரைபடத்துக்குத் தெரியக் கூடாது.
அதற்கும் சம்பளம் உண்டு.

பெயரட்டையில் லீசி என்றிருந்த சிறுமி
திரையில் விரல் வைத்தாள்.
"இந்தக் கட்டத்தை மட்டும் ஏன் கிறுக்கி வச்சிருக்கீங்க?"

கிறுக்கல்தான்.
முன்பு அது வெள்ளையாக இருந்தது.
இரண்டு இலையுதிர்காலத்துக்கு முன் ஊராட்சிக் கூட்டத்தில்
சதுப்புக்கரி வெட்டும் நிறுவனத்தின் ஆலோசகர்
அவள் செய்த வரைபடத்தையே
சுவர் முழுக்க விரித்து
அந்த வெள்ளையைச் சுட்டினார்:
பாருங்கள், இங்கே ஒன்றும் இல்லை.
பொய் சொன்னது அவரல்ல, நிறம்.
தேடிப் பார்த்துக் காணாத இடத்துக்கும்
எவரும் கால் வைக்காத இடத்துக்கும்
ஒரே வெள்ளையைப் பூசியவள்
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்,
கோட்டைக் கழற்றாமல்.

அன்றிரவே சாய்கோடு போட்டாள்.
கீழே குறிப்பு: இன்னும் யாரும் பார்க்கவில்லை.
விடிந்ததும் வடிவமைப்பாளர் ரைனர் முகம் சுளித்தார்,
நாடே அழுக்காகத் தெரிகிறதே.
பாதி நாடு அப்படித்தான் தெரிந்தது.
இருக்கட்டும் என்றாள்.

"அங்கே இன்னும் யாரும் போகவில்லை," என்றாள் லீசியிடம்.
"நான் போயிருக்கேனே! எங்க மாமா வீடு அங்கதான்."
"என்ன பார்த்தாய்?"
"கொசு."
"எந்தக் கொசு?"
"கடிக்கிற கொசு."

தீயணைப்பு வீரர் மணியடித்தார்,
பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.
லீசி நகரவில்லை. மார்யு ஒரு புதிய வரி திறந்தாள்.
பெயர்: கொசு, குடும்பம் வரை மட்டும்.
நாள்: யான் திருநாள் இரவு, நெருப்பு மூட்டிய பிறகு.
எண்ணிக்கை?
லீசி கண்ணை மூடி யோசித்து
முழங்காலைத் தொட்டுத் தொட்டு எண்ணி,
"பதினேழு," என்றாள்.
பார்த்தவர்: லீசி.
பிழை எல்லை: ஒரு கிராமம்.