தலைமேல் ரொட்டி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து
வில்ஃப் பேசவில்லை.

காரணம் ஒரு மழைக்கோட்டு.
மணிக்கட்டு நைந்து, பையில் ஓட்டை விழுந்து,
நனைந்த நாயின் வாடை அடித்த கோட்டு.
தேவாலயத்துப் பழந்துணிச் சந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.
வாங்கியவர் ஓல்ட்நோ.
எதிர்வீட்டு ஓல்ட்நோதான்.
பேருந்து நிறுத்தத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்று
"நல்ல கதகதப்பு" என்று
வில்ஃபிடமே சொல்லியிருக்கிறார்.

எங்கள் இல்க்ஸ்டனில் இதற்குப் பெயர் மார்டி.
தொடங்கும்போதே உதடு ஒட்டிக்கொள்கிற சொல்.
மிட்டாய் கிடைக்காதவன் மார்டி,
பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் மார்டி.
அந்த ஒரு சொல்லை வைத்தே
பள்ளி மைதானத்தில் எத்தனை பேரை அழவைத்திருக்கிறோம்!
ஈரமான சொல், மூக்கு ஒழுகும்.
அறுபத்திரண்டு வயது ஆளுக்கு,
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோளுக்கு
அதை மாட்டிவிட்டால்
தையல் விட்டுவிடும்.

அவர் பூட்டில்காரர், லிவர்பூல் பக்கம்.
அங்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால்
காப் ஏறிவிட்டது என்பார்கள்.
கல்யாணமான முதல் மாதம்
எதற்கோ நான் உம்மென்று இருந்தேன்.
"என்ன, காப் ஏறிவிட்டதா உனக்கு?" என்றார்.
எங்கள் ஊரில் காப் என்றால் வட்ட ரொட்டி,
பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்துத் தின்பது.
தலையைத் தொட்டுப் பார்த்தேன்.
நிஜமாகவே
தொட்டுப் பார்த்தேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
என் கோபம் இன்னும் இரண்டு நாள் ஓடியது.

செவ்வாய்க்கிழமை பள்ளிச் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரித்தபடி இதைச் சொன்னேன்.
எஃபி பெய்ஸ்லிக்காரி.
"க்ராபிட் என்று சொல்லு,
அதில்தான் நகம் இருக்கிறது" என்றாள்.
பார்ன்ஸ்லியிலிருந்து வந்த வின்னி
அவர்மேல் மங்க் ஏறியிருக்கிறான் என்றாள்.
"துறவியா? எந்த மடத்துத் துறவி?"
"யார் கண்டது. ஏறினால்
லேசில் இறங்கமாட்டான்."

சமாதானத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல் என்று கேட்டேன்.
வின்னி கூரையைப் பார்த்தாள்.
எஃபியின் கத்தி பாதிக் கிழங்கில் நின்றது.
வெகுநேரம் கழித்து,
"டீ போடட்டுமா," என்றாள்.

டீ போடாமலா இருந்தேன்?
குடித்தார்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்.
பூனையிடம் வானிலை பேசினார்,
எரிவாயு மீட்டரிடம்
இன்னதென்று தெரியாத ஏதோ முனகினார்.
வீட்டில் எனக்கு மட்டும்
காது இல்லை.

புதன்கிழமை மாலை
ஹாலம் கடையில் நான்கு காப் வாங்கினேன்.
மூன்றைத் தட்டில் வைத்தேன்.
நான்காவதைத் தலையில் வைத்துக்கொண்டு
அவருக்கு எதிரே
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

கடிகாரம்.
செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது.
மாவு என் புருவத்தில் உதிர்ந்தது.
பூனை முதலில் பார்த்தது,
பிறகு அவர்.

"விழப்போகிறது," என்றார்.

மூன்று நாளில் முதல் சொல்.
"எனக்குக் காப் ஏறியிருக்கிறது," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எழுந்து வந்து, இரண்டு கையாலும்
குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல்
ரொட்டியை எடுத்தார்.
பிளந்தார், வெண்ணெய் தடவினார்,
பாதியை என் தட்டில் வைத்தார்.

மென்றுகொண்டே சொன்னார்:
"அந்தக் கோட்டின் உள்பையில்
நாற்பது பவுண்டு இருந்தது."

என் தொண்டையில் ரொட்டி நின்றது.
"ஞாயிற்றுக்கிழமையே சொல்வதற்கென்ன?"

"எப்படிச் சொல்வது,"
என்று நிஜமான வியப்போடு என்னைப் பார்த்தார்,
"நாம்தான் பேசவில்லையே."

ஜன்னலுக்கு வெளியே,
தூறலில், கதகதப்பாக,
விசிலடித்துக்கொண்டு போனார் ஓல்ட்நோ.
என் உதடு
தானாக ஒட்டிக்கொண்டது.