நாற்பது நொடி

லீபாயாவில் காற்றுக்குக் கதவு தட்டத் தெரியாது.
ஜன்னலிடுக்கில் பழைய சீருடையைக் கிழித்துத் திணித்த பிறகுதான்
சமையல் மேசையில் வெள்ளைத் துணி விரிக்கிறேன்.

பகலில் டிராம் ஓட்டுகிறேன்.
ஊருக்கே ஒரு தடம்தான்.
போனால் வர வேண்டும், வந்தால் போக வேண்டும்.
இரவில், யாரும் கேட்காமலேயே,
கைக்கடிகாரம் பிரிக்கிறேன்.

சந்தையில் ஏவால்ட்ஸ் அவற்றை எடைபோட்டு விற்கிறான்,
பூட்டில்லாத சாவிகளுக்கும் பிடியில்லாத கரண்டிகளுக்கும் நடுவில்.
ஓடுமா என்று நான் கேட்பதில்லை.
ஓடுவது எனக்கெதற்கு.

இன்றைக்கு ஒரு சோவியத் காலத்துச் சாவிக் கடிகாரம்.
பின்மூடிக்குள், விளிம்பைச் சுற்றி,
எவனோ ஒருவனின் தோலழுக்கு, புகையிலை நிறத்தில்.
அவன் பெயர் தெரியாது. இடது கைக்காரன்:
உறையில் கீறல்கள் எல்லாம் தப்பான பக்கம்.

முதலில் முறுக்கை இறக்க வேண்டும்.
தெரியும்.
மூன்று கடிகாரத்தைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.
இருந்தும் கை முந்திவிட்டது.
சத்தம்கூட இல்லை.
இமைமுடியை ஒடித்த அளவில் ஒரு ஸ்பிரிங்
லென்ஸின் வட்டத்தை விட்டு
வேறெங்கோ போய்விட்டது.

அப்புறம் ஒன்றரை மணி நேரம்
நாற்பத்தாறு வயதுக்காரி ஒருத்தி தரையில் மண்டியிட்டு,
டார்ச்சையும் தரையோடு படுக்கவைத்து,
நிழல் விழுகிற எதையும் நம்பினாள்.
சர்க்கரைப் பருக்கை.
பூனை கழற்றிப் போட்ட நகத்தோல்.
ஜூனில் தொலைந்து, திட்டித் தீர்த்த
கம்மலின் திருகு.
கிடைத்ததெல்லாம் தேடாதது.

*

ஜிக்ஃபிரீட்ஸ் கால்வாய்ப் பாலத்தில் ஏறுவார்.
முப்பது வருஷம் மீன் டப்பாவுக்கு மூடி அழுத்தியவர்.
கைக்குட்டையில் சுற்றி ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தை
என் தடுப்பின் மேலாக நீட்டினார்.
"ஆறு வருஷமாச்சு. கடைசியில் முள்
நாலு நாலு நொடியாய்த் தாவியது.
வாதம் என்று நினைத்தேன். பிறகு நின்றுவிட்டது."

வாதமில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று
அது தன் பாஷையில் சொல்லியிருக்கிறது.
திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாய்ப் பொருக்கு.
பல் குத்தும் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தேன்.
காயிலை மீட்டர் வைத்துப் பார்த்தேன்: கம்பி அறவில்லை.
ஒரு யூரோ இருபது சென்ட் பேட்டரி.
முள் எழுந்து, எதுவுமே நடக்காததுபோல,
நடந்தது.

மறுநாள் கொடுத்தபோது அவர் முகம் மலரும் என்றிருந்தேன்.
"அவ்வளவுதானா?" என்றார்.
"அவ்வளவுதான்."
"ஆறு வருஷமும் அதற்கு ஒன்றுமே இல்லையா?"
உள்ளே பற்சக்கரம் உடைந்திருந்தது,
ஜெர்மனியிலிருந்து வரவழைத்தேன் என்று
சொல்லியிருக்கலாம்.
சிக்னல் விழுந்தது. ஓட்டிவிட்டேன்.

மறு வாரம் கண்ணாடியில் விரல் தட்டினார்.
"நாற்பது நொடி தாமதம்."
பின்னால் பிள்ளைவண்டியோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் வரிசை.
அவர் மணிக்கட்டைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
சரிதான்.
என் கையிலிருப்பது நானே கழுவி, நானே எண்ணெய் வைத்து,
பதினேழு கல்லும் துலங்கத் துலங்கக் கோத்தது.
நாளுக்குப் பத்து நொடி அசையாமல் சோம்புகிறது.
நாலு நாளாய்ச் சாவிதான் கொடுத்தேன்,
மணியைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அதைத் திறந்து
வேகம் மாற்றும் நெம்பைத் தொட்டேன்,
தொட்டேனா என்று சந்தேகிக்கும் அளவுக்கு.

இன்று காலை கால்வாய் நிறுத்தத்தில் யாருமில்லை.
கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன்.
காற்று ஏறிக்கொண்டது, டிக்கெட் இல்லாமல்.
பாலத்தின் அந்தப் பக்கம் அவர்,
நடையைக் கூட்டாமல்,
மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வருகிறார்.
ஏறியதும் சொன்னார்:
"சீக்கிரம்."