ஐம்பதைத் தொட்டால்

கணக்குப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவள் கோர்ட்டோ.
லைபீரியாவில், செயின்ட் பால் ஆற்றுக்கு அக்கரையில்
இப்போது எண்ணுவதுதான் அவள் வேலை.
எட்டு மாதக் குழந்தையின் சட்டையைத் தூக்கி
விலா ஏறி இறங்குவதை
அறுபது நொடிக்கு.
ஐம்பதைத் தொட்டால் நிமோனியா
என்றார்கள் பயிற்சியில்.

இருபத்தேழில் ஒரு கோழி மடியில் பாய்ந்தது.
மறுபடி ஒன்றிலிருந்து.
நாற்பதில் தகரக் கூரைமேல் மழை;
தன் மூச்சையும் சேர்த்து எண்ணிவிட்டோமோ?
மறுபடி.

நோவாய் கேட்கிறாள்:
"இத்தனை தடவை எண்ணினால்
தீர்ந்துவிடாதா?"

ஐம்பத்துநாலு.
நாற்பத்தொன்பதுக்குக் கேட்டுப் பார்க்கலாமே என்று
விரல்கள் இன்னும் பேரம் பேசுகின்றன.

மாத்திரையைக் கரண்டியில் கரைத்துப் புகட்டுகிறாள்.
பெட்டியில் மிச்சம் இரண்டு அட்டை.
சம்பளம் வந்து மூன்று மாதம்.
படகுக்காரன் கடன் தருகிறான், கிண்டலோடு:
"டாக்டரம்மா, என் துடுப்பையும் எண்ணிச் சொல்லு."

மூன்றாம் நாள். முழங்கால்வரை சேறு.
முப்பத்தெட்டு.
எட்டைக் கீழிருந்துதான் தொடங்குவாள்,
பள்ளியில் அதற்கு அடி வாங்கியும்.
குழந்தை ரப்பர் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நோவாய் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு
எதிரே வந்து அமர்கிறாள்.
மேல்துணியைச் சற்றுத் தளர்த்தி
"என்னுடையதையும்" என்கிறாள்.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
நொடிமுள் பன்னிரண்டுக்கு வரட்டும் என்று
கோர்ட்டோ காத்திருக்கிறாள்.