கோரம்

துண்டறிக்கையில் பதினோரு பேர்.
புரவலர், கௌரவத் தலைவர், செயல் தலைவர்,
இரண்டு அரிசி ஆலை, ஒரு நகைக்கடை,
ஓய்வுபெற்ற தாசில்தார்,
கடைசியில் சின்ன எழுத்தில் செயலாளர்: நான்.
பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு
டயாலிசிஸ்காரர்களை ஏற்றிப்போகும்
ஒரே ஒரு வேனுக்கு
பதினோரு பேர் கொடியசைத்த போட்டோ
என்னிடம் இன்னும் இருக்கிறது.

கூட்டம் போட்டால் நான்கு பேர் வருவார்கள்.
ஆறு பேர் இருந்தால்தான் கோரம்.
வராதவர் வீட்டுக்கு மினிட்ஸ் நோட்டைப்
பையனிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவேன்.
நோட்டில் எல்லாத் தீர்மானமும்
ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது.
கோரம் என்ற சொல்லுக்குத் தமிழில்
வேறொரு அர்த்தம் இருப்பது
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசியில் ஆந்திராவில் அணையைத் திறந்தார்கள்.
தரைப்பாலம் முழுகி, வேன் நகரி வழியாகச் சுற்றியது.
சாவடியில் மடக்கி, "காகிதாலு" என்றார் போலீஸ்காரர்.
இன்சூரன்ஸ் முடிந்து நாற்பது நாள்.
உள்ளே ஐந்து பேர், வீங்கிய கால்களோடு.
பதினோரு பேரில் பத்துப் பேருக்கு
ரோட்டோரம் நின்று போன் போட்டேன்.
ஒருவர் எடுத்து, "எந்த வேன்?" என்றார்.
வெங்கடேசுலுவுக்கு மூச்சு ஏறி இறங்க
இரண்டு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்,
நல்ல அர்த்தத்தில்தான்.

அதற்குப் பிறகு ஆள் தேடியபோது
யாரிடம் பணம் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.
செங்கல்ராயன் டீசல் பில்லை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்.
இருபது தறி ஓடும் ஷெட்டில்
எந்தத் தறியில் இழை அறுந்தது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.
ஷகீலா பானுவின் ஜெராக்ஸ் கடைக் காலண்டரில்
ஊரில் பாதிப் பேருடைய லைசென்ஸ் முடியும் தேதி
வட்டம் போட்டிருக்கும்.
வெங்கடேசுலுவின் மனைவி அமுலு
வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்:
"கமிட்டியில எனக்கு என்ன வேலை? டீ கொடுக்கவா?"
கேள்வி கேட்க, என்றேன்.
"அதை வீட்டிலயே செய்யறேன்.
இங்க வந்தா பஸ் காசு தருவீங்களா?"
தந்தோம். அதையும் எழுதிவைத்தோம்.

மாதாமாதம் கரண்ட் நிறுத்தும் நாளில்தான் கூட்டம்.
அன்றைக்குத்தான் தறிகள் நிற்கும்,
மனிதர்கள் உட்கார்வார்கள்.
மூன்று முறை வராவிட்டால் பெயர் இல்லை.
இரண்டு வருடம் முடிந்தால் யாரானாலும் இறங்க வேண்டும்.
"நீங்களுமா?" என்றார் ஷகீலா.
எழுதிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.
"ம்" என்றேன்.

தை மாதக் கூட்டத்தில்
நான் ஒரு நல்ல செய்தியோடு போனேன்.
இரண்டாவது வேன். கொடையாளர் புத்தூர்க்காரர்.
இரண்டு பக்கமும் அவர் அப்பா பெயர் எழுத வேண்டும்,
வேறொன்றும் கேட்கவில்லை.
சரி என்று முன்பே சொல்லிவிட்டிருந்தேன்.

"முதல் வேனுக்கு டயர்?" செங்கல்ராயன்.
"ரெண்டாவதுக்கு டிரைவர் சம்பளம்
எத்தனை மாசத்துக்கு இருக்கு?" அமுலு.
ஷகீலா ஒன்றும் சொல்லவில்லை,
கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.
அவமானத்தில் காது சுட்டது.
வண்டியே என்னால் வந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஐந்து கை எதிராக உயர்ந்தது.
ஆதரவாக, என் கை.

நோட்டை விரித்தேன்.
பேனா பழக்கத்தில் "ஏக" என்று தொடங்கிவிட்டது.
அடித்தேன்.
தீர்மானம் தோற்றது என்று
என் கையெழுத்திலேயே எழுதினேன்.
பதினான்கு வருட நோட்டில்
நடந்ததை நடந்தபடி சொல்லும்
முதல் வரி.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
கீழே தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன.
அமுலு இன்னும் ஏதோ கேட்டார்,
உதடுதான் தெரிந்தது.
நாற்காலியை அவர் பக்கமாக
இழுத்துப் போட்டுக்கொண்டேன்.