இரண்டரை வாட்

அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, மாடிப்படி மூலையில் நௌஷாத் கடை.
கல்யாணத் தரகர் மாதிரிச் சொன்னார்:
"ஒன்று தசம் ஆறு கிகாஹேர்ட்ஸ்.
கோர் ஒன்றுதான், ஆனால் இரண்டு போலக் காட்டிக்கொள்ளும்.
மெமரி ஒரு ஜீபி. கேஷ் அரை எம்பி.
தின்பது இரண்டரை வாட், அதுவும் முக்கித் தின்றால்.
மெதுவுதான் தங்கச்சி. செலவு வைக்காது."

கேஷ் என்றால் என்ன என்று கேட்டேன்.
விளக்கினார். எனக்கு விளங்கியது இப்படி:
கேஷ் கைப்பிடி, மெமரி கூடை.
கைப்பிடி சின்னது, அதனால் கூடைக்கும் செடிக்கும் ஓயாத நடை.

ஆறாயிரம் கொடுத்தேன். புது பேட்டரிக்கு இன்னும் மூவாயிரம்.

ஆன் பண்ணிவிட்டு அடுப்பில் தண்ணி வைத்து
பிளேன்ட்டி ஊற்றிக் குடித்து கோப்பையைக் கழுவி வந்தால்
அப்போதுதான் கண் விழிக்கும்.
வீடியோ போட்டால் செய்தி வாசிப்பவரின் பேச்சு முன்னால் போகும்,
வாய் பின்னால் ஓடிவரும்.
புது பிரவுசர் எட்டிப் பார்த்தது.
"முப்பத்திரண்டு பிட்டா?" என்று கதவைச் சாத்திவிட்டது.
உள்ளே விசிறி செத்துப்போய் ஒரு வருஷம்.
மஸ்கெலியாவில் மார்கழியில் விசிறி எதற்கு?
நள்ளிரவில் அதன் அடிவயிற்றில்
நான்தான் விரலைச் சூடாக்கிக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது ஓர் அட்டவணை. அவ்வளவுதான்.
நாற்பத்தொரு பெயர், இருபத்தைந்து நாள்,
காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து.
தவமலர் மகனின் சமயக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்.
புஷ்பலீலா லயத்துச் சுவரில், கரியால்;
அதை நான் போனில் படம் பிடித்து வந்தேன்.
சிவபாக்கியம் எழுதவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள்,
ஒரு நாளும் தடுமாறவில்லை.

பதினெட்டுக் கிலோ வந்தால் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
ஒன்றை இரண்டாக எண்ணத் தெரிந்த பெட்டிக்குள்
ஒருத்தியை அரையாக எண்ணும் கணக்கை
விடிய விடியத் தட்டினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சுட்டது.

நேற்று ஏழரைக்குக் கரண்ட் போனது.
மவுசாக்கலையில் தண்ணி தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது.
எங்கள் மழையில் செய்த கரண்ட்
எந்த ஊர் சுற்றி எப்போது திரும்புமோ.

ஒன்பது மணிக்குக் கதவில் டோர்ச் வெளிச்சம்.
ஆபீஸ் கிளார்க் பெனடிக்ற், தொப்பியெல்லாம் நனைந்து.
ஜெனரேட்டரில் டீசல் இல்லையாம்.
எட்டுக் கோர் மெஷின் கறுப்பாய் உட்கார்ந்திருக்கிறதாம்.
விடியுமுன் சம்பளப் பட்டியல் போயாக வேண்டும்.
"உங்களிடம் ஒன்று இருக்கிறதாமே.
டோட்டல் மட்டும் போட்டுத் தாங்கள், போதும்."

பென்டிரைவைச் செருகினார்.
அவருடைய பட்டியலைத் திறந்தேன்.
பிறகு, ஏன் என்று தெரியவில்லை, என்னுடையதையும் திறந்தேன்.
பக்கத்தில் பக்கத்தில்.

வட்டம் சுற்றத் தொடங்கியது.
சுற்றியது.
தகரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்தது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.
புது மெஷின் என்றால் கண் சிமிட்டுமுன் முடிந்திருக்கும்.
அவ்வளவு நேரம் இருந்தது,
அவர் பென்டிரைவைப் பிடுங்கியிருக்கலாம்.
கை இரண்டு தரம் மேசைக்கு வந்தது. இரண்டு தரமும் திரும்பிப் போனது.

முதலில் வந்த வரி:
சிவபாக்கியம், பதினான்காம் திகதி.
என் பக்கம் பத்தொன்பது. அவர் பக்கம் பதினாறரை.
மூன்றாவது கட்டத்தில், மெதுவாக, இரண்டரை.

"சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் வெட்டுவதுதானே" என்றார்.
வெயிலடித்த நாள் அது. அவருக்கும் தெரியும்.
அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?"
"வெளிச்சத்தைக் குறைத்தால் விடியும்வரை."

குறைத்தேன்.
எழுத்துத் தெரியாமல் கிட்டக் குனிந்தார்.
முக்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.
உட்கார்ந்து, தொண்டையைச் செருமி,
முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.