உடுப்புக் காவல்

குதித்தார்கள் என்று பத்திரிகையில் எழுதுவார்கள்.
எங்களுக்கு அது சாட்டம்.
மழை விட்ட மூன்றாம் நாள்
ஆறு சாயா நிறத்தில் போகும்போது
திக்குறிச்சிப் பாலத்துக் கைவரியில் ஏறிச்
சாடுவது.

சாடுகிறவர்கள் மூன்று பேர்.
ரப்பர் ஷீட் கடையில் எடை போடும் ஷிஜின்.
மார்த்தாண்டத்தில் மொபைல் திருத்தும் நவ்பல்.
நர்சிங் மூன்றாம் வருஷம் பெனிலா,
ஷாலை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி
முடிச்சு போட்டவள்.

நான் சாடுவதில்லை.
என் கைகளில் மூன்று போன், இரண்டு பர்ஸ்,
பெனிலாவின் ஜெபமாலை,
தோளில் உடுப்புகள், காலடியில் செருப்புகள்,
நவ்பலின் வாட்ச்.
நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று
அதன் பெட்டியில் எழுதியிருக்கிறது.
ஆற்றை நம்புகிறவன்
பெட்டியை நம்பவில்லை.

எதுக்குடே சாடுதிய என்று ஒருமுறை கேட்டேன்.
"சும்ம" என்றான் ஷிஜின்.
"மேல நிக்கும்ப வயிறு ஒண்ணு காலியாவும் பாத்தியா,
அதுக்கு" என்றான் நவ்பல்.
பெனிலாதான் யோசித்துச் சொன்னாள்:
"வார்டுல எல்லாருக்க நாடியும் பிடிக்கேன்.
எனக்க நாடி எனக்குக் கேக்கது
இங்க மட்டுந்தான்."

உனக்கு எதுக்கு என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
ஏதோ இருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் ஞாயிறு நாலு மணிக்கு
ஊரான் செருப்பை நான் ஏன் எண்ணுகிறேன்.

பேச்சிப்பாறை திறந்தாச்சு என்று
அன்றைக்கு பஸ்ஸில் பேச்சு.
படித்துறையில் கடைசி ஆறு படிகளைக் காணவில்லை.
வேண்டாம் என்று முதலில் யார் சொல்வது?
நாலு பேரும் காத்திருந்தோம்.
அதற்குள் ஷிஜின் ஏறிவிட்டான்.

கைவரியை விட்டு அவன் கால் எடுத்ததும்
என் கையில் அவன் போன் அடித்தது.
'அம்மா.'
அவன் காற்றில் இருந்தான்.
அவள் என் உள்ளங்கையில் அதிர்ந்தாள்.

எடுத்தேன்.
"டென்னிஸாடே? அவன் எங்க?"
"குளிக்கான்."
பொய் இல்லை.
"வரும்ப ஒரு அட்டை முட்டை வாங்கச் சொல்லு.
பாத்து வாங்கணும்,
போன தடவ மூணு உடஞ்சி கெடந்து."

தண்ணீர் மூடியிருந்தது.
ஒரு வாழைத்தண்டு போனது.
ஒரு தேங்காய்த் தொண்டு.
ஒற்றைச் செருப்பு ஒன்று,
குனிந்து எண்ணினேன், எங்களுடையது அல்ல.

"அங்க மழை உண்டா?"
"மேகம் கெடக்கு" என்றேன்.

நவ்பல் பாலத்தின் மறுபக்கத்துக்கு ஓடினான்.
பெனிலாவின் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.
ஷிஜின் எப்போதோ விழுந்து முடித்திருந்தான்.
நான் இன்னும் விழுந்துகொண்டிருந்தேன்,
இரண்டு காலையும் சிமெண்டில் ஊன்றியபடி,
அவன் அம்மாவிடம் சரி, சரி என்றபடி.

பார்த்த இடத்தில் எதுவும் எழவில்லை.
கடவுக்கும் அப்பால், கைதைப் புதர் ஓரம்,
ஒரு தலை.
மூக்கில் ரத்தம். சிரிப்பு.
"எப்பிடி?" என்று கத்தினான்.
எங்கள் யாருக்கும் சத்தம் வரவில்லை.
போனைத் தூக்கிக் காட்டி
"முட்டை" என்றேன்.

பிறகு யாரும் சாடவில்லை.
பெனிலா ஷாலை அவிழ்த்து அவன் மூக்கைப் பொத்தினாள்,
சவமே, பிராந்தா என்று திட்டினாள்.
கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி:
"உள்ள எப்பிடி இருந்து?"
"இருட்டாக்கும். மேல எது, கீழ எதுன்னு தெரியல்ல."
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
பொறாமையை அவ்வளவு பக்கத்தில்
நான் பார்த்ததில்லை.

என் பைக்கின் பின்சீட்டில்
ஈர நிக்கரோடு ஷிஜின்,
மடியில் முப்பது முட்டை.
கழுவன்திட்டை இறக்கத்தில்
வண்டி நாற்பதைத் தொட்டதும்
தோளை இறுக்கிப் பிடித்தான்.

"மெதுவா போ மக்கா,
முன்ன பள்ளம் கெடக்கு."