அறுநூற்று முப்பத்தேழு

முப்பத்தொன்றுக்கு இருபத்தாறு.
தோற்றுவிட்டு
மன்னார்குடியில் கடைசி பஸ் ஏறினோம்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணுகிறவன் நான்.
கை சும்மா இருந்தால் கண் எண்ணும்.
கிழக்கு கேலரி நூற்று எண்பத்து நாலு.
மேற்கே, விளக்கெரியாத பக்கம், தொண்ணூற்றொன்று.
நாற்காலிகளில் முன்னூற்று அறுபத்திரண்டு,
பாதி ஓசிப் பாஸ்.
மைக்கில் சொன்ன கணக்கு நாலாயிரத்து நூறு.

"பதரோட சேத்து எடை போட்டிருப்பான்"
என்றார் பக்கிரிசாமி.
பஸ் அப்போதுதான் முதல்முறை சிரித்தது.

பிறகு ஆரம்பித்தது.

ஒரு ரெய்டருக்கு நாற்பது லட்சம்.
இன்றைக்கு அவன் எடுத்தது நாலு பாயிண்ட்.
"பாயிண்டு பத்து லட்சம்!"
"அது சீசன் பூராவுக்கும்யா, ஒரு ஆட்டத்துக்கா?"
ஜெகபர் சீட்டில் திரும்பி மண்டியிட்டுக்கொண்டான்.
"போன வருசம் கடைசி எடம்.
ஓனரு கஞ்சப்பயன்னு கத்துனது யாரு?
இப்ப செலவு பண்றான், அதுக்கும் கத்துறீங்க."

"பண்ணட்டும். எங்க பண்றான்?
பாமணி விரால்கள்னு பேரு நல்லாத்தான இருந்துச்சு,
அதை அழிச்சு டெல்டா தண்டர்ஸ்னு எழுத
எட்டு லட்சமாம்.
விராலா இருந்தப்ப வழுக்கிட்டாவது ஓடுனோம்.
இடி எங்க இடிச்சுது?"

தையல்நாயகி அக்கா முறுக்குப் பொட்டலத்தை மடித்தபடி:
"அம்பது ரூவா டிக்கெட்டு நூத்தம்பது.
நானும் ரெண்டு புள்ளைங்களும் போனா
ஒரு நாள் நடவுக்கூலி.
தண்ணி பாட்டில வாசல்ல புடுங்கிக்கிறான்,
உள்ள அதே தண்ணி நாப்பது.
இதுல கூட்டம் வரலேன்னு அழுவுறான்."

"சம்பா அறுக்கையில ஆட்டம் வச்சா எவன் வருவான்?
நெல்லைக் களத்துல கொட்டிட்டு
மழையப் பாப்பானா, மேட்ச் பாப்பானா?"

கண்டக்டர் சில்லறையைப் பையில் குலுக்கினார்.
"மேட்டூர்ல எத்தனை கனஅடி தொறந்தாலும்
கடைமடைக்கு வந்தாத்தான் தண்ணி.
பெஞ்சுல ஒக்காந்திருக்க பசங்களுக்கு
மூணு மாசமா சாப்பாட்டுப் படி வரலையாம்."
"உங்களுக்கு யார் சொன்னா?"
அவர் பதில் சொல்லாமல்
கடைசி சீட்டைப் பார்த்தார்.

பை மடியில்.
முழங்காலில் அழுக்கேறிய கட்டு.
பையில் பாதி சுரண்டிய விரால் ஸ்டிக்கர்,
வால் மட்டும் மிச்சம்.
கலைக்கோவன். இடது கார்னர். ஏழாம் நம்பர்.
இந்த சீசனில்
பாயில் கால் வைக்காதவன்.

எல்லாவற்றையும் கேட்டிருப்பான்.
அவனை வித்துத் தொலைக்கலாம் என்று
பெருகவாழ்ந்தான்காரர் சொன்னதையும்.
பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார்.
இனி அந்த ஸ்டேடியம் பக்கம்
தலை வச்சுப் படுக்க மாட்டேன் என்று
ஏறும்போதே சத்தியம் செய்தவர் அவர்.

கோட்டூரில் விசில்.
பையன் நொண்டியபடி படிக்கு வந்தான்.
"ஞாயித்துக்கெழம என்னை எறக்குறேன்னு
கோச் சொல்லியிருக்காரு.
வருவீங்களா?"

பொதுவாகத்தான் கேட்டான்.
யாருடைய முகத்தையும் பார்க்காமல்.
இறங்கினான், இருட்டில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு
தட்டிவிடும் சத்தம்.

கொஞ்ச தூரம் இன்ஜின் மட்டும் பேசியது.

"கோச் சொன்னா? ஓனருல்ல சொல்லணும்"
என்றார் பக்கிரிசாமி, மெதுவாக.
"அந்த நாப்பது லட்சத்த உக்கார வச்சாத்தான
இவனுக்கு எடம்."
"ரெய்டரை உக்கார வச்சா கார்னருக்கு எப்படியா எடம் வரும்?
கபடி தெரியுமா ஒமக்கு?"
"ஏன் தெரியாம?"
திரும்பவும் பஸ் முழுக்க.

தையல்நாயகி அக்கா மட்டும் என்னிடம்
சின்னவனுக்கு அரை டிக்கெட் உண்டா என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை எனக்கு லாரி ஏற்றும் முறை.
தொள்ளாயிரம் மூட்டை.
செல்லை எடுத்து
யார் முறை மாற்றிக்கொள்வார்கள் என்று
பெயர் பெயராகத் தள்ளிக்கொண்டே வந்தேன்,
முள்ளியாற்றுப் பாலம் வரைக்கும்.